குட்டி ஜப்பானில் மாரியோ

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில், கருவேலங்காட்டுக்கும் கரிசல் நிலத்துக்கும் நடுவே, தீப்பெட்டி ஆபீசுகளையும் பட்டாசுத் தொழிற்சாலைகளையும் ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும் பிரயாணிகள் ஆமத்தூரைப் பெரும்பாலும் பஸ் நிற்கும் ஓர் இடமாகவே அறிந்திருப்பார்கள். மழை பொய்த்தால் வெள்ளாமையும் பொய்த்துப்போகும் இந்த வானம் பார்த்த பூமியில், நிலம் கொடுக்க மறுத்த ஜீவனத்தைத் தீக்குச்சியும் வெடிமருந்தும் அச்சு மையும் கொடுத்தன. அந்தத் தொழில்களின் செழிப்பைக் கண்டு சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு பெயர் சூட்டினார் என்று எங்கள் பக்கத்தில் சொல்லாதவர் இல்லை. அந்தப் பெயரை ஒரு புகழ்மொழியாகக் கேட்டு வளர்ந்த எனக்கு, நிஜமான ஜப்பானில், கியோட்டோ நகரத்துச் சீட்டுக்கட்டுக் கடை ஒன்று உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தாவிக் குதிக்கும் ஒரு மனிதனைப் படைத்துக் கொடுத்த விருத்தாந்தம் தெரியவந்தபோதுதான், அந்த ஒப்புமை எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதும், எந்த இடத்தில் முறிந்துபோகிறது என்பதும் புலப்பட்டன.

பொருந்துகிற இடத்தை முதலில் சொல்லுகிறேன். 1920-களுக்கு முன்பு நம் கடைகளில் விற்ற தீப்பெட்டிகளில் பெரும்பகுதி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தவை. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபின், இந்த வறண்ட காற்றே தொழிலுக்கு மூலதனமாயிற்று. தீப்பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்டுவதற்கு லேபிள் வேண்டியிருந்தது; லேபிளுக்காகக் கல்லச்சு யந்திரம் வந்தது; வந்த யந்திரம் சும்மா நிற்கலாகாது என்று காலண்டர், டைரி, கலியாணப் பத்திரிகை, சீட்டுக்கட்டு, பிள்ளைகள் தரையில் விரித்து ஆடும் பரமபதத் தாள் என்று காகிதத்தில் அச்சாகக்கூடியவை யாவும் இந்த ஊர்களிலிருந்து புறப்பட்டுத் தேசம் முழுவதும் போயின. ஒரு தொழிலின் வயிற்றிலிருந்து இன்னொரு தொழில் பிறந்த இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு கியோட்டோவைப் பார்க்க வேண்டும்.

அங்கே 1889-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஃபுசாஜிரோ யாமௌச்சி என்பவர் ஒரு சிறிய ஸ்தாபனத்தைத் தொடங்கினார். ஹனாஃபுடா என்ற மலர்ச் சீட்டுகளைக் கையால் செய்து விற்பதே அதன் தொழில். மாதத்துக்கு ஒரு செடியோ மலரோ, ஒவ்வொன்றுக்கும் நான்கு சீட்டு, ஆக 48 சீட்டுகள். எண் எதுவும் இராது, சித்திரத்தைக் கொண்டுதான் சீட்டை அடையாளம் காண வேண்டும். முசுக்கட்டை மரப்பட்டையிலிருந்து செய்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, வர்ணம் ஏற்றி, அவை தயாராயின. அந்த ஸ்தாபனம்தான் நின்டெண்டோ. 1902-ல் மேல்நாட்டுச் சீட்டுகளையும், 1953-ல் பிளாஸ்டிக் பூசிய சீட்டுகளையும், 1959-ல் டிஸ்னி பாத்திரங்களைத் தாங்கிய பிள்ளைகளின் சீட்டுகளையும் செய்து செழித்தது. பின்னர் 1960-களில் சீட்டு வியாபாரத்துக்கு அப்பால் வழி தேடியபோது, ஸ்தாபகரின் கொள்ளுப்பேரனான ஹிரோஷி யாமௌச்சி டாக்சி ஓட்டிப் பார்த்தார், வெந்நீர் ஊற்றினால் வெந்துவிடும் சோற்றுப் பொட்டலம் விற்றுப் பார்த்தார்; ஒன்றும் கைகூடவில்லை.

கைகொடுத்தவர் ஒரு யந்திரப் பணியாளர். சீட்டு செய்யும் யந்திரங்களைப் பழுதுபார்ப்பதற்காக 1965-ல் வேலைக்குச் சேர்ந்த குன்பெய் யோகோய், ஓய்வு நேரத்தில் தம் கைக்கு விளையாட்டாகச் செய்து வைத்திருந்த, நீண்டு மடங்கும் ஒரு பிடிகரத்தை முதலாளி தற்செயலாகப் பார்த்துவிட்டார். மறுவருஷமே அது கடைக்கு வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பழகி, மலிந்து, யாரும் வியக்காத நிலைக்கு வந்துவிட்ட தொழில்நுட்பத்தை எதிர்பாராத காரியத்துக்குத் திருப்பிவிடுவதே யோகோய் பின்னாளில் வகுத்துக்கொண்ட கொள்கை. 1982-ல் அவர் செய்த கைவிளையாட்டுப் பெட்டியில்தான், நான்கு திசைக்கும் ஒரே கட்டைவிரலைப் போதுமாக்கிய சிலுவை வடிவப் பொத்தான் பிறந்தது. உலகத்துப் பிள்ளைகள் கையில் பிடித்த விளையாட்டுக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பொத்தான் பின்னர் குடியேறியது. சிவகாசியில் பழைய யந்திரத்தை விலைக்கு வாங்கி வந்து, புதிய பற்சக்கரம் வைத்து, அதன் ஆயுளை இன்னும் முப்பது வருஷம் நீட்டிய மெக்கானிக்குகளைப் பார்த்தவர்களுக்கு யோகோய் அந்நியராகத் தோன்றமாட்டார்.

இதற்கு மேல் போகுமுன் நம்முடைய பரமபதத் தாளை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட வேண்டியிருக்கிறது. ஆமத்தூருக்கு அண்மையிலுள்ள திருத்தங்கல், நின்ற நாராயணப் பெருமாள் கோயில்கொண்ட திவ்ய தேசம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கும் குடும்பங்களில், விடியுமட்டும் தூக்கம் வராதிருக்கப் பரமபதம் ஆடுவது நெடுங்கால வழக்கம். 'பரமபத சோபான படம்' என்பது அதன் முழுப் பெயர். சோபானம் என்றால் படிக்கட்டு. கீழ்வரிசையில் பூமியும் மேல்வரிசையில் வைகுண்டமும், நடுவிலே நற்குணங்களின் பெயர் தாங்கிய ஏணிகளும் அசுரர்களின் பெயர் தாங்கிய பாம்புகளுமாக, ஓர் ஆத்மாவின் முழுப் பிரயாணமும் ஒற்றைத் தாளுக்குள் அடங்கியிருக்கும். இந்த வகை விளையாட்டு 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் இங்கிலாந்துக்குப் போய்ப் பிள்ளைகளின் பலகை விளையாட்டாயிற்று. 1943-ல் அமெரிக்காவில் பாம்பையும் நீக்கிவிட்டு, பூங்காவில் பிள்ளைகள் வழுக்கி விளையாடும் சறுக்குமரத்தை வைத்துவிட்டார்கள். வைகுண்டம் போனது, அசுரன் போனான். ஏறுதலும் வீழ்தலும் மட்டும் நின்றன. ஒரு சின்ன உருவம் மேலே ஏறுவதையும் சறுக்குவதையும் பார்ப்பதில் மனித மனத்துக்கு உள்ள ஈடுபாடு எத்தனை ஆழமானது என்பதை அறிய அதற்கு மேல் சாட்சியம் தேவையில்லை.

அந்தச் சின்ன உருவத்தை மின்திரைக்குக் கொண்டுவந்தவர் ஷிகேரு மியாமோட்டோ. 1952-ல் கியோட்டோவை அடுத்த சோனோபே என்ற சிற்றூரில் பிறந்தவர். காட்டிலும் குகையிலும் சுற்றித் திரிந்த பிள்ளைப்பிராயத்தைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தவர். 1977-ல் சித்திரக்காரராக நின்டெண்டோவில் உத்தியோகத்துக்குச் சேர்ந்தவர். அப்போது அந்த ஸ்தாபனம் காசு போட்டு ஆடும் பெரிய விளையாட்டுப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கியிருந்தது. 'ரேடார் ஸ்கோப்' என்ற பெட்டிகளில் சுமார் 3,000 அமெரிக்காவுக்குப் போய், அவற்றில் ஏறத்தாழ 2,000 விலைபோகாமல் கிடங்கில் தேங்கின. பெட்டிகளை எறியவும் மனமில்லை, திருப்பியழைக்கவும் வகையில்லை. உள்ளேயிருக்கும் விளையாட்டை மட்டும் மாற்றி விற்கலாம் என்று யாமௌச்சி முடிவுசெய்து, அந்தப் பொறுப்பை அதுவரை ஒரு விளையாட்டையும் சொந்தமாக அமைத்திராத இளைஞரிடம் கொடுத்தார். யோகோய் மேற்பார்வையில் 1981-ல் பிறந்தது 'டாங்கி காங்'. ஒரு பெரிய மனிதக்குரங்கு பெண்ணொருத்தியைத் தூக்கிக்கொண்டு கட்டடச் சாரத்தின் உச்சியில் நிற்கிறது. மேலிருந்து பீப்பாய்களை உருட்டிவிடுகிறது. கீழே ஒரு தச்சன் பீப்பாய்களைத் தாண்டிக் குதித்து, ஏணி ஏணியாக ஏறுகிறான். மேடையிலிருந்து மேடைக்குத் தாவிச் செல்வதால் இவ்வகை விளையாட்டுக்குப் பிற்காலத்தில் 'பிளாட்பாரம்' விளையாட்டு என்றே பெயர் நிலைத்தது. ரயில் நிலையத்தோடு நாம் சேர்த்து வைத்திருக்கும் அதே சொல்தான்.

அந்தத் தச்சனுக்கு முதலில் சரியான பெயர்கூட இல்லை. தாவுகிறவன் என்ற பொருளில் 'ஜம்ப்மேன்' என்றார்கள். அமெரிக்கக் கிடங்கின் சொந்தக்காரரான மாரியோ செகாலே என்பவரின் பெயரை அங்கிருந்த சிப்பந்திகள் பிறகு அவனுக்குச் சூட்டினார்கள். அவனுடைய தோற்றத்தின் கதை, லேபிள் வரையும் ஓவியர் எவருக்கும் சொல்லாமலே விளங்கக்கூடியது. ஏறத்தாழ 16 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்ட இடத்தில், மூன்றே வர்ணங்களில், ஒரு மனிதனைக் காட்ட வேண்டும். வாய் வரைய இடமில்லை, ஆகவே பெரிய மூக்கும் அதன்கீழ் மீசையும். தலைமயிர் அசைவதைக் காட்ட வழியில்லை, ஆகவே தொப்பி. கை வேறு உடல் வேறு என்று பிரித்துக் காட்ட வேண்டும், ஆகவே வேறு நிறத்தில் ஒரு தொழிலாளியின் மேலங்கி. தீப்பெட்டியின் முதுகில் இரண்டு அங்குல இடத்துக்குள், நிறத்துக்கு ஒரு கல்லாக மூன்று நான்கு கற்களில் சித்திரத்தைப் பிரித்து வரைந்து, தூரத்தில் நிற்கும் எழுத்தறியாத மனிதனும் தன் பெட்டியை அடையாளம் கண்டு கேட்கும்படி ஒரு மயிலையோ மானையோ நிறுத்திய எங்கள் ஊர்க் கல்லச்சு ஓவியர்கள் செய்த வித்தையும் இதுவே. நிர்ப்பந்தமே அவர்களுக்குக் குரு.

1983-ல் தச்சன் குழாய் வேலைக்காரனாக மாறினான். லூயிஜி என்ற சகோதரனும் சேர்ந்தான். பச்சைக் குழாய்களிலிருந்து ஆமைகள் புறப்பட்டு வந்தன. அதே ஆண்டு ஜூலை 15-ம் தேதி வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் 'ஃபேமிகாம்' பெட்டி 14,800 யென் விலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அவ்வாண்டு வீடியோ விளையாட்டு வியாபாரமே குப்புற விழுந்துகிடந்த சமயம் அது. இரண்டு ஆண்டு கழித்து, 1985 செப்டம்பர் 13-ம் தேதி, மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் சேர்ந்து அமைத்து, கோஜி கோண்டோ சங்கீதம் இயற்றிய 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வெளிவந்தது. நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியிருந்தது. இன்று கைப்பேசியில் நாம் எடுத்து அனுப்பும் ஒரு சாதாரணப் புகைப்படம் அதைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டமாக 32 கட்டங்களைச் சதுரக்கோட்டுத் தாளில் பென்சிலால் வரைந்து அமைத்தார்கள். வானத்து மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே சித்திரம். மேலே வெள்ளை, கீழே பச்சை. ஒரே தகட்டை மை மாற்றி இரண்டு சரக்குக்கு ஓட்டும் சிக்கனம் எங்கள் அச்சுக்கூடங்களுக்குப் புதியதன்று. ஆனால் அந்தச் சிக்கனத்தை ஒரு சௌந்தரியமாக ஆக்கியது மியாமோட்டோ குழுவின் சாமர்த்தியம்.

அதன் முதற்கட்டத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனெனில் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கற்பிப்பதில் அதைவிட நுட்பமான ஏற்பாட்டை நான் அதிகம் கண்டதில்லை. மாரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான். வலப்பக்கம் முழுவதும் வெட்டவெளி. ஆகவே எந்தப் பிள்ளையும் வலப்பக்கமே நடக்கத் தொடங்கும். நான்கு அடி வைப்பதற்குள் முகம் சுளித்த ஒரு சிறு ஜந்து எதிரே வருகிறது. சும்மா நின்றால் உயிர் போகும், தாவினால் பிழைக்கலாம், அதன் தலைமேல் விழுந்தால் அதுவே நசுங்கும். மேலே கேள்விக்குறி போட்ட கட்டியைத் தலையால் முட்டினால் ஒரு காளான் வெளிவந்து வலப்பக்கம் உருண்டு, குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது, எதிரி என்று பயந்து ஒதுங்க நினைத்தாலும் தலைக்கு மேலே கட்டிகள் இருப்பதால் தாவித் தப்புவது கடினம், மேலே பட்டுவிடுகிறது, பட்டதும் மாரியோ வளர்கிறான். ஒரு வரி எழுத்தில்லை, ஒரு கட்டளை இல்லை. அரை நிமிஷத்துக்குள் பிள்ளை விளையாட்டின் இலக்கணம் முழுவதையும் தன் கையால் கற்றுவிடுகிறது. ஜப்பானிய மொழியோ ஆங்கிலமோ அறியாத கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கும் அது ஒரே பார்வையில் வசமானதற்குக் காரணம் இதுதான்.

அவர்களிடம் அது வந்து சேர்ந்தது 1990-களில், 'டிவி கேம்' என்ற பெயரில். உரிமத்தோடு 'சாமுராய்' என்ற பெயரில் நம் நாட்டில் ஒரு பெட்டி விற்றதுண்டு. ஆனால் மிகுதியாகப் பரவியவை தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த, 'மைக்ரோ ஜீனியஸ்' போன்ற மாற்றுப் பெட்டிகளே. நான் அதை முதன்முதலில் கண்டது விருதுநகரில் என் பெரியம்மா வீட்டில். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கொண்டுவந்தது. பெரியம்மா காராச்சேவும் காப்பியும் வைத்துவிட்டு, "கண்ணு கெட்டுப்போகும்டா, போதும்" என்று நூறு தடவை சொல்லியிருப்பார்கள். நாங்கள் எட்டுப் பேர் இரண்டு ரிமோட்டைச் சுற்றி முறைவைத்து உட்கார்ந்திருந்தோம். கேசட்டின் அடிப்பாகத்தை வாயால் ஊதிச் சொருகுவது ஒரு சடங்காகவே நடந்தது. கறுப்பு வெள்ளை டிவி. ஆகையால் மாரியோவின் தொப்பி சிவப்பு என்பது பல வருஷம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குறையே ஒரு ரகசியத்தை அம்பலப்படுத்தியது: நிறம் நீங்கிய திரையில் மேகமும் புதரும் ஒரே உருவம் என்பதை என் அக்கா ஒருத்தி முதல்நாளே கண்டுபிடித்துச் சொன்னாள். லேபிள் ஒட்டிப் பழகிய கண் அது.

பெயரும் எங்களுக்குத் தூரமாகத் தோன்றவில்லை. விருதுநகரில் பராசக்தி மாரியம்மனும் சாத்தூருக்கு அருகில் இருக்கன்குடி மாரியம்மனும் வீற்றிருக்கும் இந்தச் சீமையில், மாரியப்பனோ மாரிமுத்துவோ மாரியம்மாளோ இல்லாத தெருவே கிடையாது. எங்கிருந்தோ வந்த மீசைக்காரனையும் 'மாரி' என்றே கூப்பிட்டோம். "மாரி செத்துட்டான்", "மாரி வளந்துட்டான்" என்றே பேசினோம். பெட்டியோடு கதைப் புஸ்தகம் ஒன்றும் வரவில்லை; இளவரசி யார், அவளை யார் கொண்டுபோனார் என்பதைப் பற்றி எங்களில் எவருக்கும் நிச்சயமான அறிவு இல்லை. இரண்டாவது கட்டத்தின் பாதாளத்தில், கூரைச் செங்கலுக்கு மேலே ஏறி ஓடினால் மூன்று குழாய்கள் கிடைக்கும், அவற்றின் வழியே நான்காம் உலகத்துக்கே போய்விடலாம் என்பதை விருதுநகர்ப் பையன்கள் எப்படி அறிந்தார்களோ, "மேல ஓடுடா, செவுத்துக்கு மேல ஓடு, அங்க ஏணி இருக்கு" என்று கத்துவார்கள். அது குழாய், அவர்கள் வாயில் வந்தது ஏணி. பரமபதத் தாளில் பழகிய சொல் தானாகவே இடம் மாறி வந்து உட்கார்ந்துகொண்டது. பள்ளத்தில் விழுந்தால் "பாம்பு கொத்திருச்சு" என்பதும் உண்டு.

ஆயினும் இரண்டு விளையாட்டுக்கும் இடையே ஓர் அடிப்படை வித்தியாசம் உண்டு. பரமபதத்தில் ஏணியும் பாம்பும் தாயக்கட்டையின் வசம். ஆடுகிறவன் எவ்வளவு புத்திசாலியானாலும், எவ்வளவு உத்தமனானாலும், விழுகிற எண்தான் அவனைக் கொண்டுபோகும். ஊழின் வலிமையை மனத்தில் பதிப்பதற்காக ஏற்பட்ட விளையாட்டு அது. அந்தக் காரியத்தை அது செவ்வனே செய்தது. மாரியோவின் உலகத்தில் பள்ளம் இன்றைக்கு இருக்கும் இடத்திலேயே நாளைக்கும் இருக்கும். ஆமை அதே நேரத்தில் அதே இடத்தில் வரும். நேற்று தவறியவன் இன்று அதே பள்ளத்தைத் தாண்டுகிறான் என்றால், நடுவில் மாறியது அவன் கையின் பயிற்சி ஒன்றே. ஜாதகத்தையும் மழையையும் நம்பியே வாழ்ந்த ஒரு சீமையின் பிள்ளைகளுக்கு, விழுந்த இடத்திலிருந்து மறுபடி எழுந்து, தன் பிரயத்தனத்தால் அதே இடத்தைக் கடக்கும் அனுபவம் புதிய சுவையாக இருந்தது. கரண்டு போகும் வரைதான் அந்தச் சுவை நிலைக்கும். எந்த இடத்தில் நின்றோம் என்பதைக் குறித்துவைக்கும் வசதி அந்தக் கேசட்டில் இல்லை. ஏழாம் உலகம் வரை வந்து, கரண்டு நின்று, மறுபடி முதற்கட்டத்தில் தொடங்கிய சாயங்காலங்கள் எத்தனையோ.

இப்போது ஒப்புமை முறியும் இடத்துக்கு வருகிறேன். முதல் விளையாட்டின் வெற்றிக்குப்பின் கியோட்டோவில் வரிசை வளர்ந்தது: 1986-ல் மிகக் கடினமான இரண்டாம் பாகம், அமெரிக்கர்களுக்கு அது ஒத்துவராது என்று வேறொரு விளையாட்டை உருமாற்றி 1988-ல் அனுப்பிய மற்றோர் இரண்டாம் பாகம், அவ்வாண்டே ஜப்பானில், தேசப்படம் போல் உலகம் விரியும் மூன்றாம் பாகம், 1990-ல், முதலிலிருந்தே மியாமோட்டோ விரும்பியும் யந்திரத்தின் சக்திக்குறைவால் இயலாமற்போன சவாரி டைனோசரான யோஷியோடு 'சூப்பர் மாரியோ வேர்ல்டு'. 1996 ஜூன் 23-ம் தேதி 'சூப்பர் மாரியோ 64' வந்தது. பக்கவாட்டில் மட்டும் ஓடிய மனிதன் அன்றிலிருந்து எல்லாத் திசையிலும் ஓடலானான். உலகங்களை அமைப்பதற்கு முன் ஒரு வெறுந் தோட்டத்தில் ஒரு முயலைத் துரத்தவிட்டு, ஓடுவதும் தாவுவதும் கைக்கு இன்பமாக இருக்கின்றனவா என்பதையே மாதக்கணக்கில் அந்தக் குழு சோதித்தது.

அதே 1996-ம் வருஷம் டிசம்பர் 10-ம் தேதி, வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளில் வேலைசெய்த குழந்தைகளைப் பற்றி எழுந்த வழக்கு அது. அபாயகரமான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் அந்தக் குழந்தைகளின் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. குழந்தைத் தொழிலாளர் பற்றிய சட்டம் 1986-லேயே வந்திருந்தது. விடியுமுன் கிராமம் கிராமமாக வந்து நின்ற ஆபீஸ் பஸ்களில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிப்போய், கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் விரல் தேய்ந்த பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களில் சிலர் என் வயதினர். ஒரு ஜப்பானில் பெரியவர்கள் பிள்ளைகளின் விளையாட்டைச் செப்பனிடுவதற்காக மாதக்கணக்கில் ஒரு தோட்டத்தில் முயலைத் துரத்திக்கொண்டிருந்தபோது, குட்டி ஜப்பானின் பிள்ளைகளுக்கு விளையாடும் பொழுது வேண்டும் என்பதை நிலைநாட்ட நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. டிவி கேம் முன் நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்த நாட்களிலும் அந்தப் பஸ்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன என்பதை எழுதாமல் இந்த விருத்தாந்தத்தை எழுத எனக்கு மனம் துணியவில்லை. லேபிள் ஒட்டிப் பழகிய கண் என்று மேலே என் அக்காவைப் பற்றிச் சொன்னேனே, அதன் பொருளும் இதுவே. பின்வந்த ஆண்டுகளில் சட்டமும் பள்ளிக்கூடமும் மதிய உணவும் சேர்ந்து நிலைமையைப் பெரிதும் மாற்றியிருக்கின்றன; அது இந்தச் சீமை பெருமைப்படத்தக்க மாற்றம்.

மாரியோவின் பிற்கால விஸ்தாரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2002-ல் ஒரு கடற்கரைத் தீவு, 2006-ல் மறுபடி பக்கவாட்டு ஓட்டம், அது மூன்று கோடிக்கு மேல் விற்றது, 2007-ல் 'சூப்பர் மாரியோ கேலக்ஸி', அதில் உருண்டையான சிறுசிறு கிரகங்களைச் சுற்றித் தலைகீழாகவும் நடக்கலாம், 2015-ல் ஆடுகிறவரே கட்டங்களை வரையும் ஏற்பாடு, 2016-ல் கைப்பேசிக்குள் பிரவேசம், 2017-ல் 'ஒடிசி', 2023 அக்டோபரில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்', அதன் தயாரிப்பாளர் 1985-ல் சதுரக்கோட்டுத் தாளில் வரைந்த அதே தெசுகா. இத்தனை மாற்றத்துக்குள்ளும் மாறாதது ஒன்று: பொத்தானை அழுத்தினால் அவன் தாவுகிறான்; அழுத்தும் நேரத்தின் அளவுக்குத் தக்கபடி உயரம் கூடுகிறது அல்லது குறைகிறது. அந்த ஒரு தாவலை நாற்பது வருஷமாகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியதுதான் இந்த வரிசையின் சரித்திரம் என்பது என் அபிப்பிராயம்.

முறிவின் இன்னொரு இடத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். 2024 அக்டோபர் 2-ம் தேதி, கியோட்டோவை அடுத்த ஊஜியில், முன்பு சீட்டுகள் தயாராகிய தன் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தையே நின்டெண்டோ ஒரு காட்சிசாலையாகத் திறந்தது. 1889-ன் மலர்ச் சீட்டிலிருந்து இன்றைய விளையாட்டு வரை அங்கே வைத்திருக்கிறார்கள். வருகிறவர் தம் கையாலேயே ஒரு மலர்ச் சீட்டைச் செய்து பார்க்கவும் இடமுண்டு. யோகோய் 1997-ல் ஒரு சாலை விபத்தில் மறைந்தார். ஆயினும் அவர் எந்த வருஷம் எந்தப் பொத்தானைச் செய்தார் என்பது ஊரறிந்த சரித்திரம். நம் பரமபதத் தாளைக் கல்லில் தலைகீழாக எழுதி, பாம்பின் செதிலுக்கு ஒரு மையும் ஏணியின் நிழலுக்கு ஒரு மையும் பிரித்து, கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு ஏறவும் சறுக்கவும் ஒரு உலகத்தைப் படைத்துக் கொடுத்த சிவகாசி ஓவியர்கள் யார்? ஆப்செட் யந்திரம் வந்தபோது கல்லச்சுக் கற்கள் போன வழியே அவர்கள் பெயரும் போயிற்று.

ஆமத்தூரிலோ திருத்தங்கலிலோ சிவகாசியிலோ ஒரே ஓர் அறை போதும். பழைய லேபிள்கள், சீட்டுகள், பரமபதத் தாள்கள், கிடைத்தால் ஒரு கல்லச்சுக் கல், அவற்றின் பக்கத்தில் வரைந்தவர் பெயர். அச்சுத்தொழிலால் செழித்த குடும்பங்களுக்கு இது பாரமான காரியமாகாது. இதைப் படிக்கிறவர் வீட்டுப் பரணிலோ, பாட்டியின் டிரங்குப் பெட்டியிலோ ஒரு பழைய பரமபதத் தாள் மடித்துக் கிடந்தால், தயவுசெய்து அதை வீசிவிடாதீர்கள். கீழ்மூலையைப் பாருங்கள், சின்ன எழுத்தில் அச்சுக்கூடத்தின் பெயர் இருக்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஓவியரின் கையெழுத்தும் இருக்கலாம். அதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.